வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி? முதல் வாரத்துக்கான வழிகாட்டி

"ஒரு வாரம் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். கருவியும் வாங்கியாயிற்று. முதல் நாள் காலை 152/94 என்று காட்டுகிறது. மனம் கேளாமல் உடனே இன்னொரு முறை பொத்தானை அழுத்தினால் 143/90. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் 156. "கருவியே சரியில்லை" என்று அதை அலமாரிக்குள் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய.

கருவி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அது அதன் இயல்பு. அதற்கு மேல், நாம் உட்காரும் விதமும் கை வைக்கும் இடமும் சேர்ந்து இன்னும் பத்து பதினைந்தைக் கூட்டிவிடும். முதலாவதை நம்மால் நிறுத்த முடியாது. பல முறை அளந்து சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும். இரண்டாவதைப் பெருமளவு தவிர்த்துவிடலாம். தப்பாக அளந்த எண்ணை நம்பி ஒருவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடவும் நேரும், சாப்பிட வேண்டியவர் சாப்பிடாமல் இருந்துவிடவும் நேரும். ஆகவே மருந்துக்கு முன்னால் அளவு.

அந்த இரண்டு எண்கள்

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தமனிக்குள் தள்ளும்போது ஏறும் உச்ச அழுத்தம் மேல் எண். சிஸ்டாலிக் என்பார்கள். அடுத்த துடிப்புக்கு முன்னால், இதயம் தளர்ந்திருக்கும் வேளையில் தமனிக்குள் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண், அதாவது டயஸ்டாலிக். அலகு பாதரச மில்லிமீட்டர்.

இதயம் தளரும்போது அழுத்தம் ஏன் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுவதில்லை? இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து, வந்த ரத்தத்தில் ஒரு பங்கைத் தனக்குள் தாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்ந்திருக்கும் அந்தச் சிறிய இடைவேளையில் அது சுருங்கித் தாங்கிய ரத்தத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. வயது ஏற ஏற அந்தச் சுவர் பழைய ரப்பர் பேண்டைப்போல விறைத்துப் போகிறது. விரிந்து இடம் கொடுக்காததால் மேல் எண் ஏறும். திருப்பித் தள்ள வலு குறைந்ததால் கீழ் எண் இறங்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 160/70 போன்ற அளவுகள் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான். "கீழே நன்றாகத்தானே இருக்கிறது" என்று அதில் ஆறுதல் தேடக் கூடாது. அந்த வயதில் கவனிக்க வேண்டியது மேல் எண்.

இந்தச் சுமை பல ஆண்டுகள் நீடித்தால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்து விறைக்கும். தமனிகளின் உட்பூச்சு பழுதடைந்து கொழுப்பு படிய இடம் கொடுக்கும். மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் நுண்குழாய்கள் சேதமாகும். இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் ஒரு வலியும் தெரியாது. ஏறக்குறைய பத்து லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்து 2002இல் வெளியான ஆய்வில், 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு 115/75இலிருந்தே மேல் எண் 20 கூடும்போதெல்லாம் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காவது தெரியவந்தது.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் கதை. 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தபோது அளவு 186/108. அன்றைய மருத்துவத்தின் கையில் இதற்கு உருப்படியான மருந்து இல்லை. அதிபர் போரையும் தேர்தலையும் நடத்திக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் தன் உருவப்படத்தைத் தீட்டுவதற்காக உட்கார்ந்திருந்தவர் தலை கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அப்போது பார்த்த அளவு 300/190. மூளை ரத்தக்கசிவில் அன்றே இறந்தார். அவருக்குக் கிடைக்காத மாத்திரைகள் இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் வேலை: கருவியும் பட்டையும்

மேற்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவிதான் வாங்க வேண்டும். மணிக்கட்டுக் கருவி, மேற்கை மிகப் பருமனாக இருந்து எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு மட்டும். விரலில் மாட்டுவதும், பட்டையே இல்லாமல் பிரஷர் சொல்லும் கைக்கடிகாரமும் இந்த வேலைக்கு உதவாது. முறையாகச் சோதித்துத் தேறிய கருவிகளின் பட்டியலை ஸ்ட்ரைட் பி.பி. என்ற அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. வாங்கும் முன் மாடல் எண் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ப்ளூடூத், பேசும் குரல், வண்ண விளக்கு எல்லாம் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

பட்டையின் அளவைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பை வைத்துச் சுற்றளவு எடுங்கள். பல கருவிகளோடு வரும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை உள்ள கைக்கானது. உங்கள் கை 35 என்றால் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சிறிய பட்டை அதிகமாகக் காட்டும், தொளதொளவென்று பெரியது குறைத்துக் காட்டும். 2023இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் எண் சராசரியாக 19க்கு மேல் கூடிவிட்டது. 125 இருக்கிறவர் 144 என்று பயந்துபோவார். பருமனானவர்களுக்கு இல்லாத பிரஷர் வந்துவிடும் வழிகளில் இதுவும் ஒன்று.

புதுக் கருவியை ஒருமுறை டாக்டரிடம் எடுத்துச் சென்று அவருடைய கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

உட்காருவதற்கு முன்

காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் காலை உணவுக்கும் மாத்திரைக்கும் முன்னால் பாருங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்த்தால் பத்துக்கு மேல்கூட ஏறும். இரவில் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கலாம். காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவானாலும் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சொல்லப்போனால் இதுதான் கடினமான பகுதி. செல்போனை வேறு அறையில் வையுங்கள். தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கதாநாயகியின் மாமியாருக்கும் சேர்த்து உங்களுக்குப் பிரஷர் ஏறும்.

உட்காரும் விதம்

முதுகைச் சாய்த்துக்கொள்ளும்படியான நாற்காலி. பாதங்கள் இரண்டும் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். அதில் மூன்று தவறுகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கால் மடங்கியிருக்கிறது, கை கீழே இருக்கிறது.

மூன்றாவதைச் சற்று நின்று பார்ப்போம். பட்டை இதய மட்டத்தில், அதாவது நெஞ்செலும்பின் நடுப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும். கை அதற்குக் கீழே இறங்கினால், இடைப்பட்ட உயரத்து ரத்தத்தின் எடையும் அளவில் சேர்ந்துகொள்கிறது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். கணக்குப் போட்டால், பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால் ஏழெட்டுப் புள்ளி கூடும். தாழ்வான டீப்பாயில் கை வைத்தால் இது நடக்கும். சாப்பாட்டு மேஜை பெரும்பாலும் சரியான உயரத்தில் இருக்கும்; இல்லாவிட்டால் கைக்கடியில் ஒரு தலையணை. கையை நீங்களே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தசை இறுகினாலும் எண் ஏறும்.

பட்டையை வெறும் தோலின் மேல் சுற்றுங்கள். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அந்தச் சுருளே கையை இறுக்கும்; ஒரு கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. இறுக்கமான ரவிக்கைக்கும் இதே கதைதான். ஆகவே பிரஷர் பார்க்கும் வேளைக்குத் தளர்ந்த உடையாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். குழாய் உள்ளங்கைப் பக்கமாக, கையின் உட்புறம் வழியே இறங்க வேண்டும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும்.

எந்தக் கை? முதல் நாள் இரண்டு கைகளிலும் பாருங்கள். சில புள்ளி வித்தியாசம் சகஜம்; கூடுதலாகக் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். வித்தியாசம் ஒவ்வொரு முறையும் பத்து பதினைந்துக்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்; ஒரு பக்கத்துத் தமனி சுருங்கியிருக்கலாம். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கையிலும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கட்டிகளை அகற்றிய பக்கத்துக் கையிலும் டாக்டரைக் கேட்காமல் பட்டை சுற்றாதீர்கள்.

பொத்தானை அழுத்திய பிறகு

பேசக் கூடாது. யாராவது கூப்பிட்டாலும் "ம்" கொட்டக்கூடக் கூடாது. ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்குக் கருவி வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

மேற்கையில் காற்றுப்பட்டை சுற்றி அளக்கும் முறையை 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி கொண்டுவந்தார். பட்டையின் காற்று இறங்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலியை வைத்து இரண்டு எண்களையும் கண்டுகொள்ளும் வழியை 1905இல் ரஷ்யாவின் கொரட்காஃப் சொன்னார். டாக்டர்கள் காதில் மாட்டிக் கேட்பது அந்த ஒலியைத்தான். உங்கள் வீட்டுக் கருவி ஒன்றையும் கேட்பதில்லை. தமனி துடிக்கும்போது பட்டைக்குள் இருக்கும் காற்றில் உண்டாகும் நுண்ணிய அதிர்வை அது உணர்கிறது. அதிர்வு உச்சமாக இருக்கும் இடம் தமனியின் சராசரி அழுத்தம். அதை வைத்துக்கொண்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தயாரிப்பாளரின் சூத்திரப்படி கணக்கிடுகிறது. விரலை மடக்கினால், சிரித்தால், நாற்காலியை நகர்த்தினால், அந்த அசைவும் அதிர்வாகப் பதிவாகிக் கணக்கைக் குழப்பும்.

நாடித்துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் இதனாலேயே எண்கள் தாறுமாறாகத் தாவும். அவர்கள் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். சீரற்ற துடிப்புக்கான எச்சரிக்கைக் குறி உங்கள் கருவியில் அடிக்கடி வந்தால் அதை அலட்சியம் செய்யாமல் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். பிரஷரைவிட அவசரமான சங்கதி சில நேரம் அப்படித்தான் வெளிப்படும்.

முதல் அளவு முடிந்ததும் ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது. அவ்வளவுதான். எண் பிடிக்கவில்லை என்று நான்காவது, ஐந்தாவது போகாதீர்கள்.

நோட்டுப் புத்தகம்

காலை இரண்டு, இரவு இரண்டு, ஏழு நாள். மொத்தம் 28 அளவுகள். முதல் நாளின் நான்கையும் அடித்துவிடுங்கள். புதுக் கருவியின் பதற்றம் அதில் கலந்திருக்கும். மிச்சம் 24. மேல் எண்களைத் தனியாகக் கூட்டி 24ஆல் வகுங்கள், கீழ் எண்களை அதேபோல். கூட்டல் அலுப்பாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுங்கள்.

ஒருவருடைய இரண்டாம் நாள் பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 148/88, 141/86. இரவு 134/82, 131/80. காலையின் முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் மருந்துக் கடைக்கு ஓடுவார். இரவின் கடைசி எண்ணை மட்டும் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்குவார். நான்கின் சராசரி 138.5/84. இரண்டு பேருமே உண்மையிலிருந்து விலகி நிற்கிறார்கள். டாக்டர் திட்டுவாரே என்று கூடுதல் எண்களை விட்டுவிட்டு நல்லதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்த நோட்டை வைத்து முடிவெடுப்பதைவிட எடுக்காமல் இருப்பதே மேல்.

சராசரியை எப்படிப் படிப்பது?

ஆஸ்பத்திரியில் பார்த்தால் 140/90, வீட்டில் பார்த்தால் 135/85. சராசரி இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது உயர் ரத்த அழுத்தம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. இரண்டு எண்களில் ஒன்று தாண்டினாலும் போதும். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017இல் இந்த எல்லையை 130/80 என்று இறக்கின. ஒரே எண்ணைப் பார்த்து இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் பேசினால் காரணம் இதுவாக இருக்கலாம். யாரும் தவறு செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏறி, வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு. வெள்ளைக் கோட்டுப் பிரஷர் என்று அதற்குப் பெயர். அவர்களுக்கு உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம்; ஆனால் ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு வீட்டிலும் வேலையிடத்திலும் உயர்ந்திருப்பது மறைந்த பிரஷர். ஆபத்து இதில்தான் அதிகம், ஏனென்றால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. வீட்டில் அளப்பதன் பெரிய லாபம் இதைக் கண்டுபிடிப்பது என்பேன்.

மேல் எண்ணை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் 2015இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வு பெரிய சலனத்தை உண்டாக்கியது. 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரில் ஒரு சாராருக்கு 140க்குக் கீழ், இன்னொரு சாராருக்கு 120க்குக் கீழ் என்று இலக்கு வைத்தார்கள். இரண்டாவது குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து கால்பங்கு குறைந்தன; ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு போன்ற தொல்லைகளும் அந்தக் குழுவில்தான் கூடுதல். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அங்கே அளந்தது ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு, தானியங்கிக் கருவியில், பல மையங்களில் அறையில் வேறு ஆளே இல்லாமல். அவசர அவசரமாகப் படியேறி வந்து மூச்சிரைக்க எடுத்த எண்ணை அந்த 120ஓடு ஒப்பிட முடியாது. உங்கள் இலக்கு என்ன என்பதை உங்கள் வயது, சர்க்கரை, சிறுநீரக நிலை ஆகியவற்றைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உப்பும் மாத்திரையும்

ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழ் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலைதட்டிய ஒரு டீஸ்பூன், நாள் முழுவதற்கும் சேர்த்து. "சாம்பாரில் குறைத்துத்தான் போடுகிறோம்" என்று எல்லோரும் சொல்வோம். தட்டின் ஓரத்தில் இருக்கும் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மாலை மிக்சர் யார் கணக்கிலும் வராது. முதலில் அந்த ஓரத்தைக் காலி செய்யுங்கள். பிரஷருக்கு நல்லது என்று இந்துப்பு வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு உண்மையிலேயே உதவும். ஆனால் சிறுநீரகப் பழுது உள்ளவர்களும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, எடைக்குறைப்பு, மதுவைக் குறைப்பது ஆகியவை பிரஷரை இறக்கும். புகையிலையை விட வேண்டியது இதயத்துக்காக.

மூட்டுவலிக்குக் கடையில் நாமாக வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். நோட்டில் எண்கள் திடீரென்று உயர்ந்தால் அந்த வாரம் என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்று பாருங்கள்.

பிரஷர் மாத்திரை தொடங்கியபின் எண் சரியானால், அது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம்; நிறுத்துவதற்கான அனுமதி அல்ல. அம்லோடிபினால் கால் வீங்கினாலோ, எனலாப்ரில் வறட்டு இருமல் தந்தாலோ சகித்துக்கொள்ளவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மாற்று மருந்துகள் உண்டு. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடமாட முடியாத பெரியவர்கள் இருந்தால் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்யுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் உடனே 108. முகம் கோணி, பேச்சுக் குழறினால் எண் என்னவென்று பார்த்துக்கொண்டுகூட நிற்க வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் அப்படிக் காட்டினால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். முன்பு சிலர் செய்ததுபோல நிஃபெடிபின் மாத்திரையை உடைத்து நாக்குக்கடியில் வைக்காதீர்கள். அழுத்தம் தடாலென்று விழுந்து அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு. 140/90ஐத் தொட்டால் அன்றே மருத்துவமனை. தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி இருந்தால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

ஏழு நாள் முடிந்ததும் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றினால், எத்தனை வாரம் கழித்து இன்னொரு ஏழு நாள் நோட்டு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு வாரம். அளவு நிலைத்தபின் வாரத்தில் ஒரு நாள் பார்த்தால் தாராளம். மணிக்கொரு முறை பார்க்கிறவர் வீட்டில் இருந்தால், கருவியை வாங்கி வீட்டில் இன்னொருவர் பீரோவில் வைத்துப் பூட்டி, குறித்த நாளில் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.